வீட்டு முற்றத்தில் ஓட்டோ கியர் ஒயில் மாற்றுவது: ஒட்டுசுட்டான் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஒட்டுசுட்டானில் உங்களிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா 121 கொரோலா, ஓட்டோ கியர், கொழும்பில் ஒருவரிடம் வாங்கியது. மீற்றரில் 1,68,000 கிலோமீற்றர். காலையில் முதல் தடவை டி-யில் போட்டால் சற்றுத் தாமதித்துத்தான் பிடிக்கிறது. கிரவல் வீதியில் கல் அடித்து கியர்பொக்ஸின் அடிச் சம்ப் (ஒயில் தேங்கி நிற்கும் தகட்டுத் தட்டம்) நெளிந்துபோய், ஓரத்தால் ஒயில் கசிகிறது. ஓரிடத்தில் "பழைய ஒயிலில் கைவைக்காதே, கியர்பொக்ஸ் போய்விடும்" என்கிறார்கள். இன்னோரிடத்தில் "மெசினில் போட்டு முழுதாகக் கழுவித் தாறம்" என்கிறார்கள். ஒயிலையும் சம்பையும் நானே வீட்டில் மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்றலாம். உங்கள் வாகனத்துக்கு மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஒயில் மாற்றப் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் சரியான ஒயில், தூசி இல்லாத இடம், போல்ட்டை மெதுவாக இறுக்கும் கை, கடைசியில் ஒயில் மட்டத்தை ஒழுங்காகப் பார்க்கும் பொறுமை, இந்த நாலும் வேண்டும். கெட்டுப்போய் என்னிடம் வந்த வாகனங்களில் அநேகமானவை இந்த நாலில் ஒன்றைக் கோட்டை விட்டவைதான்.

சம்பைக் கழற்றுவதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. கியர்பொக்ஸ் உள்ளே எப்படி இருக்கிறது என்று கண்ணால் காணக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். ஒயில் மாற்றாவிட்டாலும் அதற்காகவே திறக்கலாம் என்பேன்.

நான் வேலை பழகியது தொண்ணூறுகளில். அப்போது வன்னிக்குள் பெற்றோல் வராது. மொறிஸ் மைனரும் ஏ40-யும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கெட்டித்தனம் அந்தக் காலத்தில் வந்தது. எங்கள் பெடியளுக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஓட்டோ கியர் அந்தச் சமாளிப்பை ஏற்காது. 2009க்குப் பிறகு ஏ9 வீதியால் ஓட்டோ கியர் கார்கள் நிறைய வந்தபோது, பழைய பழக்கத்தில் கையில் இருந்த ஒயிலை ஊற்றிப் பலர் கியர்பொக்ஸை இழந்தார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். திறந்த பிறகும் புதுக்கார் நம்மில் எத்தனை பேருக்கு எட்டும்? இருக்கிற 121ஐ இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டிய ஆட்கள்தானே நாங்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். "பழைய ஒயிலை மாற்றினால் கியர்பொக்ஸ் போகும்" என்பது முழுப் பொய் இல்லை, அதில் பாதி உண்மை. உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்து, அந்தத் தேய்ந்த பொடி ஒயிலில் மிதந்துகொண்டிருக்கும் கியர்பொக்ஸில், மாற்றிய சில நாளில் வழுக்கல் வெளியே தெரிய வரும். ஆட்கள் புது ஒயிலைக் குறை சொல்வார்கள். அந்தத் தட்டுகளோ ஏற்கெனவே முடிந்தவை. அதனால் மாற்ற முன்னர் உங்கள் கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை.

வாகனத்தை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்க என்-இலிருந்து டி-க்குப் போடுங்கள். லீவர் நகர்ந்த கணத்திலிருந்து 'டக்' என்று கியர் பிடிப்பதை உணரும் கணம் வரை போன் ஸ்ரொப்வொச்சில் அளவிடுங்கள். டொயோட்டாவின் திருத்தக் கையேட்டுக் கணக்கின்படி இது 1.2 செக்கனுக்குக் குறைவாக இருக்க வேண்டும். என்-இலிருந்து ஆர்-க்கு 1.5 செக்கனுக்குக் குறைவு. இடையில் ஒரு நிமிடம் விட்டு மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். சூட்டில் இந்த எல்லைக்குள் இருந்து, காலைக் குளிரில் மட்டும் தாமதம் என்றால், பெரும்பாலும் ஒயில் குறைவு, அடைபட்ட பில்டர், இறுகிப்போன சீல் இவற்றில் ஒன்று. முதல் இரண்டும் இந்த வேலையோடு தீரும். சீல் இறுகியிருந்தால் ஒயில் மாற்றுவது கொஞ்சம் ஆறுதல் தரும், குணமாக்காது. சூட்டிலும் இரண்டு மூன்று செக்கன் எடுக்கிறது, ஓடும்போது எஞ்சின் இரைகிறது ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் ஒயிலுக்குச் செலவழிக்காதீர்கள், கியர்பொக்ஸ் இறக்க வேண்டிய கேஸ் அது. டாஷ்போர்ட்டில் ஓ.டி. ஓஃப் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் நிறுத்துங்கள். அது கம்பியூட்டரில் பிழைக் குறியீடு பதிந்திருக்கிறது என்ற சைகை. முதலில் அதை வாசிக்க வேண்டும்.

உங்கள் கசிவையும் நெளிவையும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் சம்பில்தான். பில்டரின் வாய் கீழ்நோக்கிச் சம்பின் அடித்தளத்துக்கு மிகக் கிட்ட இருக்கும், இடைவெளி கொஞ்சம்தான். கல் அடித்துத் தகடு உள்ளே எழும்பினால் அந்த வாயை அது மூடிக்கொள்ளும். பம்ப் உறிஞ்ச ஒயில் போதாது. அப்போது தாமதம் வரும், காலைக் குளிரில் ஒயில் தடித்திருக்கும் நேரம் இன்னும் கூடும். ஆகவே நெளிவு சிறிது என்று விடாதீர்கள்.

சரி, ஒயில். உங்கள் 121க்கு டைப் ரி 4, டப்பாவில் நான்கு ரோம எண்ணில் இருக்கும். ஆனால் நான் சொன்னேன் என்று வாங்க வேண்டாம். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், பல டொயோட்டாக்களில் எந்த ஒயில் என்று அதிலேயே பொறித்திருக்கும். பொனற்றுக்குள் இருக்கும் தகட்டில் கியர்பொக்ஸின் குறியீடும் இருக்கிறது, பெரும்பாலும் யூ340ஈ என்று. அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சம்பும் பில்டரும் வாங்க அதுதான் கைகொடுக்கும். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ் ஒயில் பிறகு வந்தது, ரி 4ஐ விட மெல்லியது. "இரண்டும் டொயோட்டாதானே" என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக்கூடாது. டெக்ஸ்ரன் 3 என்று எழுதிய டப்பாக்களும் எங்கள் கடைகளில் தாராளம். அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டர்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரோடு வருவதற்குப் பின்னால் அந்தக் கொம்பனியின் சோதனை எதுவும் இல்லை.

ஓட்டோ கியர் என்று பொதுவாகச் சொல்கிற எல்லாமும் ஒன்றல்ல. நீங்கள் இதைப் படித்துவிட்டு நண்பரின் வாகனத்துக்கும் செய்யப் போவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 141 அக்ஸியோ போன்றவற்றில் பலவற்றுக்கு சி.வி.ரி, உள்ளே இருப்பது உலோகப் பெல்ட். அதற்கு சி.வி.ரி ஒயில்தான். சிவப்பு ஏ.ரி.எஃப் (சாதாரண ஓட்டோ கியர் ஒயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பிகளில் கீறல் விழுந்துவிடும். அக்குவாவும் பிரியஸும் அதுவும் இல்லை, அவற்றின் ஹைபிரிட் கியர்பொக்ஸுக்கு டபிள்யூ.எஸ். டிப் ஸ்டிக்கே இல்லாத கியர்பொக்ஸ்களில் ஒயிலின் சூட்டை ஸ்கானரில் பார்த்துத்தான் மட்டம் வைக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவர் அவற்றில் இறங்க வேண்டாம்.

சம்ப் வாங்குவதற்கு வவுனியாவில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். பாவித்த சம்ப் கிடைத்தால் நல்லது, பழைய ஜப்பான் தகடு தடிப்பானது. ஆனால் வாங்க முன்னர் கடை மேசையின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஓரம் முழுக்கக் கண்ணாடியோடு படிய வேண்டும். எங்கேயாவது ஒரு கடதாசி நுழையும் என்றால், முன்பு யாரோ போல்ட்டை அழுத்தி இறுக்கி விளிம்பை வளைத்திருக்கிறார்கள். சம்போடு பில்டர், கஸ்கட், வடிகால் பிளக்கின் வாஷர், எட்டு லீற்றர் ஒயில். ஒரே தடவையில் எட்டும் போகாது, ஏன் எட்டு என்று பிறகு சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி. வன்னியில் இந்த வேலைக்கு முதல் எதிரி தூசி. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் சம்பைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துச் செம்மண் மாவு போல எழும்பும். சம்புக்கு மேலே இருக்கிற வால்வ் பொடிக்குள் (ஒயிலை வழிநடத்தும் வால்வுகள் அடங்கிய பகுதி) கடுகளவு மணல் போனாலும் ஒரு வால்வ் இறுகிவிடும். காற்று எழும்ப முன்னர் விடிய ஆறு மணிக்குத் தொடங்குங்கள். மண் முற்றம் என்றால் தண்ணீர் தெளித்து, மேலே தார்ப்பாய் விரியுங்கள். சீமெந்துத் தரை இருந்தால் அதுதான் சரி. முதல்நாளே கியர்பொக்ஸின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள், சம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண் முழுதும் போக வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஜக் மட்டும் வைத்து வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம். அது பாரத்தில் நொறுங்கும் முன் எந்தச் சத்தமும் தராது. இரண்டு ஜக் ஸ்ராண்ட் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். எங்கள் ஊரில் முதிரையும் பாலையும் இருக்கிறது. அகலமான முதிரைக் கட்டையில் ஏறுபலகை செய்து முன் ரயர்களை அதில் ஏற்றி நிறுத்துகிறவர்கள் உண்டு, அது நம்பலாம். பின் ரயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மேலே ஏறிய பிறகு வாகனத்தைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீழே போகாதீர்கள்.

ஒயில் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் ஓடிய சூடு போதும். நன்றாக ஓடிவிட்டு உடனே திறந்தால் கை வெந்துவிடும். கியர்பொக்ஸ் வாகனத்தின் இடப்பக்கத்தில், சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவரின் பக்கமாக இருக்கிறது. எஞ்சின் சம்ப் வலப்பக்கம். இரண்டின் பிளக்கையும் மாறிப் பிடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் எஞ்சின் ஒயில் மாற்றிக்கொண்டு வந்த ஓர் ஆசிரியையின் கார், பரந்தன் சந்தியைத் தாண்டி நகர மறுத்தது. கியர்பொக்ஸ் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் இருந்த பழைய ஒயிலின் மேலேயே நாலு லீற்றர் ஊற்றியிருந்தார்கள். அவர் சத்தம் கேட்ட உடனே நிறுத்தியதால் இரண்டும் தப்பின. ஆகவே பிளக்கைத் தளர்த்தி முதல் துளியை விரலில் பாருங்கள். சிவப்பு அல்லது செம்மண் நிறம் என்றால் சரியான இடம். எஞ்சின் ஒயிலின் கறுப்பும் மணமும் வேறு, ஒரு தடவை பார்த்தால் பிறகு மாறாது.

வடிந்ததை வீசாமல் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அடுக்குங்கள். எவ்வளவு வந்ததோ ஏறக்குறைய அவ்வளவுதான் திரும்பப் போக வேண்டும். கசிவினால் குறைந்திருந்தால், முதல்நாள் டிப் ஸ்டிக்கில் பார்த்த மட்டத்தோடு சேர்த்துக் கணக்குப் போடலாம்.

பிளக்கால் வடிந்து முடிந்தாலும் சம்புக்குள் இன்னும் ஒயில் நிற்கும். போல்ட்டுகள் கிட்டத்தட்ட இருபது, தலை 10 மில்லிமீற்றர். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தி, எதிரெதிர் மூலையில் இரண்டை மட்டும் பாதியில் விட்டு, மற்றவற்றைக் கழற்றுங்கள். சம்ப் ஒட்டிக்கொண்டு இறங்காது. ஸ்க்ரூ ட்ரைவரைச் செருகிக் கிளப்பாதீர்கள், மேலே இருப்பது அலுமினியம், கீறல் விழுந்தால் அந்த இடத்தால் வாழ்நாள் முழுக்கக் கசியும். ரப்பர்ச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஒரு பக்கத்தைச் சற்றுக் கீழே சாய்த்து மீதி ஒயிலை வடித்து, பிறகு இறக்குங்கள்.

இப்போது அவசரப்படாதீர்கள். சம்பை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். உள்ளே வட்டக் காந்தங்கள் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். திருநீறு குழைத்தது போல மிருதுவாக, உறுத்தாமல் இருந்தால் அது நியாயமான தேய்மானம், இருபது வருட வாகனத்தில் இருக்கத்தான் செய்யும். நகத்தில் தட்டுப்படுகிற சிராய், மினுங்கும் செதில், மஞ்சள் நிற வெண்கலத் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ ஒன்று உரசி உடைகிறது. வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் சம்பின் அடியிலும் தேடுங்கள். கறுப்பாக, நார் போல, நசுக்கினால் பொடியாகிற துண்டுகள் கிளச் தட்டின் மேற்பூச்சு. அது கைநிறைய இருந்தால் புது ஒயில் காசு வீண்.

ஒயிலையும் பாருங்கள். ஒரு வெள்ளைக் கொப்பித் தாளில் இரண்டு துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ விரிந்து பரவினால் நல்லது. நடுவில் கறுப்பாக நின்று பரவாமல், கருகிய மணம் வந்தால் அது எரிந்த ஒயில். பால் கலந்த செம்பருத்திச் சாறு மாதிரி கலங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எங்கள் பக்கம் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ரேடியேற்றர். கியர்பொக்ஸ் ஒயில் குளிர்வதற்காக அதன் தொட்டிக்குள்ளால் போய் வருகிறது, உள்ளே வெடித்தால் இரண்டும் கலக்கும். மற்றது வெள்ளம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகளில் தண்ணீருக்குள்ளால் ஓட்டிய கார்களில், கியர்பொக்ஸின் காற்றுக் குழாயால் தண்ணீர் உள்ளே போனவை பல என்னிடம் வந்தன. கிளச் தட்டின் பூச்சு பசையால் ஒட்டியது, தண்ணீர் அதை உரிக்கும். அப்படிக் கண்டால் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும்வரை ஓட்ட வேண்டாம்.

நீங்கள் பார்த்தவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

பில்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்று நம்பாதீர்கள். ஒரு மட்டைப் பெட்டித் துண்டில் பில்டரின் வடிவத்தைக் கீறி, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையானதின் துவாரத்தில் போட்டால் உள்ளே வெடிக்கும். பில்டரின் கழுத்தில் ரப்பர் வளையம் உள்ள மாதிரிகளில், பழைய வளையம் மேலேயே ஒட்டி நின்றுவிடும். கவனிக்காமல் புதியதை அதன்மேல் ஏற்றினால் காற்று உறிஞ்சும், வாகனம் நகராது. ரோச் அடித்துப் பார்த்து, பழையது வந்துவிட்டதா என்று நிச்சயப்படுத்துங்கள். பழைய பில்டரைக் கழுவிப் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பளி போன்ற வடிதுணியைக் கழுவித் துப்புரவாக்க முடியாது.

புதுச் சம்பை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். துடைக்கப் பழைய சாரத் துண்டை எடுக்காதீர்கள், நூல் விடும், அந்த நூல் நேரே பில்டரில் போய் நிற்கும். நூல் விடாத துணி, இல்லாவிட்டால் காற்று. காந்தங்களைத் துடைத்துப் புதுச் சம்பில் பழைய இடங்களிலேயே வையுங்கள். பலர் இதை மறந்து, காந்தத்தைப் பழைய சம்போடு எறிந்துவிடுகிறார்கள்.

கஸ்கட் வைக்கும்போது சிலிக்கன் பூச வேண்டாம். தக்கைக் கஸ்கட்டும் ரப்பர்க் கஸ்கட்டும் உலர்ந்த சுத்தமான பரப்பில்தான் பிடிக்கும். சிலிக்கன் பூசினால் வழுக்கி வெளியே பிதுங்கும், உள்ளே பிதுங்கியது அறுந்து விழுந்து பில்டரை அடைக்கும். கஸ்கட்டே இல்லாமல் ஒட்டுப்பசையோடு வந்த மாதிரி என்றால் மட்டும், மெல்லிய ஒரு கோடு.

இனி இறுக்குவது. உங்களுடைய இப்போதைய கசிவுக்குக் கல் மட்டும் காரணமாக இராது, முன்பு யாரோ முறுக்கி இறுக்கியிருப்பார்கள். இந்தச் சின்னப் போல்ட்டுகளுக்கு டொயோட்டா சொல்லும் இறுக்கம் மாதிரிக்கு ஏற்ப 5 முதல் 8 நியூற்றன் மீற்றர் அளவுதான். ரயர் நட்டுக்கு 100க்கு மேல் கொடுக்கிறோம், நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் முதலில் விரலால் போகும் மட்டும் முறுக்குங்கள். பிறகு சின்ன ரச்செற்றை எடுத்து, கைபிடியின் நுனியில் பிடிக்காமல், தலைக்குக் கிட்டப் பிடித்து, நடுவிலிருந்து ஓரங்களுக்குக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். மணிக்கட்டுப் பலம் போதும், தோள் பலம் வேண்டாம். கஸ்கட் ஓரத்தால் பிதுங்கத் தொடங்கினால் ஏற்கெனவே கூடிவிட்டது. கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம், கசிவு அதனால் கூடத்தான் செய்யும்.

ஒயில் ஊற்றுவது டிப் ஸ்டிக் குழாயால். ஒடுங்கிய புனலும் அதில் பொருந்தும் குழாயும் வேண்டும், இரண்டும் புதிதாக அல்லது நன்றாகக் கழுவியதாக இருக்கட்டும். போத்தல்களில் அளந்த அளவுக்கு அரை லீற்றர் குறைய ஊற்றி எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுங்கள். வாகனத்தைத் தரைக்கு இறக்கி, பிரேக்கை அழுத்தியபடி பி-இலிருந்து எல்-வரை ஒவ்வொன்றிலும் சில செக்கன் நின்று, திரும்பப் பி-க்கு வாருங்கள். பிறகு பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். கியர்பொக்ஸ் ஒயில் சூட்டில் விரியும், அதனால்தான் டிப் ஸ்டிக்கில் குளிர், சூடு என்று இரண்டு அடையாளம். சரியான மட்டம் 70 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டில், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பி-யில் பார்ப்பது. எஞ்சின் ஒயில் மாதிரி எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பிழையான மட்டம்தான் காட்டும். சூடு என்ற அடையாளத்துக்குள் வரும்வரை நூறு நூறு மில்லிலீற்றராக விடுங்கள். கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரைத்த ஒயிலில் அழுத்தம் ஏறாது, குறைந்ததற்கு உள்ள அதே வருத்தம்தான் வரும். கூடிப்போனால் சலிக்காமல் பிளக்கால் வடித்துவிடுங்கள்.

எட்டு லீற்றர் ஏன் என்பதற்கு இப்போது வருகிறேன். இந்தக் கியர்பொக்ஸ் முழுதாகக் கொள்வது ஏழு லீற்றருக்குக் கிட்ட. அதில் பாதிக்கு மேல் ரோர்க் கன்வேட்டருக்குள்ளும் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) குழாய்களிலும் நிற்கும், வடிக்க முடியாது. கீழே வருவது மூன்று, கொஞ்சம் கூடலாம். ஏழில் மூன்று புதிது என்றால் முதல் தடவைக்குப் பிறகு 43 வீதம்தான் புது ஒயில். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டுச் சம்பைக் கழற்றாமல் பிளக்கால் மட்டும் மூன்று வடித்து மூன்று ஊற்றினால் 67 வீதம். விரும்பினால் ஆயிரத்தில் இன்னொரு தடவை, 81 வீதம். இரண்டு தடவைக்கு எட்டு லீற்றர் போதும், மூன்றாவதை உங்கள் கைவசம் பார்த்துச் செய்யுங்கள்.

மெசினில் கழுவுவதை நான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். மெசின் தன்னளவில் கெட்டதல்ல. ஆனால் உங்கள் சம்ப் நெளிந்திருக்கிறது, பில்டர் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. அழுக்கை உள்ளே வைத்துக்கொண்டு புது ஒயிலை ஓட்டுவதில் என்ன பயன்? தவிர அந்த மெசினுக்குள் முந்தைய வாகனத்தின் ஒயில் எது என்று நாங்கள் அறியோம். ஒரு தவணையில் எல்லாம் மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது வயதான கியர்பொக்ஸுக்கு நல்லது என்பது என் அனுபவம்.

இதற்குப் பிறகு எங்கள் வெயிலுக்கும் கிரவலுக்கும் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வயல் வீதியில் முதல் கியரில் உறுமுகிற வாகனம் என்றால் இன்னும் முந்தி.

பழைய ஒயிலை எங்கே விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடமாட்டேன். கறையானுக்கு என்று வேலிக் கட்டையில் பூசுவார்கள், கிடங்கு வெட்டி ஊற்றுவார்கள். ஒட்டுசுட்டானில் நீங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். மாரியில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று உங்களுக்குத் தெரியும், கிடங்கில் ஊற்றியது அதோடு கலந்துவிடும். போத்தல்களை மூடி இறுக்கி, பழைய ஒயில் சேர்க்கிற சேர்விஸ் ஸ்ரேஷனில் கொடுங்கள். முள்ளியவளைக்கோ மாங்குளத்துக்கோ போகும் நாளில் கொண்டுபோனால் போதும்.

வேலை முடிந்த இரவு வாகனத்துக்குக் கீழே வெள்ளை மட்டை ஒன்றை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் மட்டையில் சிவப்புத் துளி விழுந்திருந்தால் எந்தப் போல்ட்டுக்கு நேரே என்று பார்த்து, அதை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். துளி இல்லாவிட்டால் ஸ்ரார்ட் பண்ணி, குளிரிலேயே டி-யில் போட்டு, எத்தனை செக்கனில் பிடிக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். சம்பின் படத்தையும் காந்தத்தின் படத்தையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள்.